ஆசாரும் ஆசாரமும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் முன்னோர் மொழி. அந்த உப்பையே உயிராகக் கொண்டு, மாதக்கணக்கில் கெடாது நின்று, ஏழை வீட்டுப் பழையதுக்கும் செல்வர் வீட்டுத் தயிர்ச் சோற்றுக்கும் ஒருங்கே துணையாய் அமைவது ஊறுகாய். மன்னர்களின் போர்களையும் பட்டாபிஷேகங்களையும் வரலாறு என்று பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிய நமக்கு, அடுக்களை மூலையில் வேடு கட்டி நிற்கும் பீங்கான் ஜாடிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது எளிதில் தோன்றுவதில்லை. காளிகாட்டிலும் அதனை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியிலும் மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வரலாறு தம் வரலாறே ஆகும். அதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வங்க மொழியில் ஊறுகாய்க்கு 'ஆசார்' என்று பெயர். ஒழுக்கம், மரபு, சடங்கு என்பவற்றுக்கும் அம்மொழியில் 'ஆசார்' என்பதே சொல். எழுத்திலும் வேறுபாடு இல்லை. முன்னது பாரசீக வழி வந்த சொல். பின்னது வடமொழி ஆசாரம். பிறப்பால் உறவில்லாத இவ்விரண்டும் வங்காளியர் நாவில் ஒன்றாய்விட்டன. நம் இல்லங்களிலோ சொல் வேறாக இருந்தும் பொருள் ஒன்றாகவே நடந்துவந்தது. ஊறுகாய் போடும் நாளில் ஆசாரமும் உடன் வந்து ஜாடிக்கு அருகில் அமர்ந்துகொள்ளும். யார் தொடலாம், யார் தொடலாகாது என்பது உப்பின் அளவைக் காட்டிலும் கண்டிப்பாகப் பார்க்கப்பட்டது. அந்த ஆசாரம் இந்நகரத்தில் என்னவாயிற்று என்பதையே நாம் முடிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஜாடியின் தொன்மையைக் காண்போம்.

பாட்டில் ஊறிய மாவடு

தமிழன் மாவடுவைச் சுவைத்தது நேற்று இன்று அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சி நோக்கிச் செல்லும் பாணனுக்கு, வழியில் ஒவ்வொரு நிலத்து மக்களும் என்ன உணவு தருவர் என்று அதில் வரிசையாகச் சொல்லப்படுகிறது. மறையவர் இல்லத்து விருந்தைச் சொல்லும் இடத்தில், நெடிய மாமரத்தின் நறிய வடுவைக் காடியில் இட்ட ஊறுகறி கிடைக்கும் என்கிறார் புலவர். காடி என்பது புளித்த நீர். ஆகவே வடுவைப் புளிக்கவைத்து உண்ணும் வழக்கம் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொண்டை நாட்டில் நிலைபெற்றிருந்தது என்று கொள்ளலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889 ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்திராவிடில், நம் வீட்டு மாவடுவின் முதுமையை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. அந்த வடுவை உண்ணப்போகிறவன் யாழ் ஏந்தி ஊர் ஊராய்த் திரியும் பாணன், வழிப்போக்கன், வறியவன். அவனுக்கும் அவன் சுற்றத்துக்கும் அந்த வீட்டில் ஊறுகாய் கிடைக்கும் என்பதே புலவரின் உறுதி. ஊறுகாயைப் பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய செய்தியே, அயலான் ஒருவனுக்கு அதைப் பகிர்ந்தளிக்கும் செய்தியாக அமைந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது.

பிற்காலத்தில் இக்கலை தென்னாடெங்கும் தழைத்தது. 1594 ஆம் ஆண்டைச் சேர்ந்த குருலிங்க தேசிகரின் கன்னட நூலாகிய லிங்கபுராணத்தில் ஐம்பது வகை ஊறுகாய்கள் சொல்லப்படுவதாக உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயா எடுத்துக் காட்டியுள்ளார். ஆயினும் அக்காலம் வரையில் நம் முன்னோரின் சமையலில் காரம் என்றால் மிளகும் இஞ்சியுமே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்குக் கொணர்ந்தனர். வங்காளத்திலும் அவர்கள் ஹூக்ளியில் குடியேறி வாணிகம் நடத்தினர். 1632 ஆம் ஆண்டில் முகலாயப் படை அவர்களை அங்கிருந்து வெளியேற்றியது. மனிதர் வெளியேறினர், மிளகாய் தங்கிவிட்டது. இன்று மிளகாய் இல்லாத ஊறுகாயை நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடிவதில்லை. நாம் 'நமது' என்று பெருமை பேசும் ஜாடிக்குள்ளேயே கடல் கடந்து வந்த குடியேறி ஒன்று இருக்கிறது என்பதைக் குடியேறிகளாகிய நாம் மறத்தல் ஆகாது.

உப்பு நடந்த வழி

தமிழர் வங்காளம் வருமுன்னரே தமிழகத்து உப்பு வங்காளம் வந்துவிட்டது. கீழை இந்தியக் கம்பெனி வங்காளத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. தம்லுக், ஹிஜ்லி முதலிய கடலோரப் பகுதிகளில் மலங்கிகள் எனப்பட்ட உப்புக் காய்ச்சுவோர், கடல் நீரை விறகிட்டுக் காய்ச்சி உப்பு எடுத்துக் கம்பெனிக்கே கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். வங்காளத்துக் கரையில் ஈரம் மிகுதி. கங்கையின் நன்னீரும் கடலிற் கலக்கிறது. ஆதலின் வெயிலில் உப்பு விளைவிப்பது அங்கு எளிதன்று. சோழமண்டலக் கரையிலோ கதிரவனே உப்பு விளைவிப்பவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கரையின் உப்பு கப்பலேறிக் கல்கத்தா வந்தது. பின்னர் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து வந்த உப்பு சந்தையைப் பிடித்துக்கொண்டது. 1860களில் கம்பெனி ஆட்சிக் காலத்து உப்பு உற்பத்தி முறை இங்கு முற்றுப்பெற்றது. தன் கரையிலேயே கடல் இருக்க, வங்கத்து இல்லத்தரசி அயல் நாட்டு உப்பிலே ஆசார் போட்ட காலம் அது.

1930 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் காந்தியடிகள் தண்டியில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அதே மாதம் 30 ஆம் நாள் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். கல்கத்தாவுக்கு அண்மையில் மகிஷ்பாத்தானில் சதீஷ் சந்திர தாஸ்குப்தாவின் தலைமையிலும், மேதினிபூர் மாவட்டத்துக் காந்தி வட்டாரத்திலும் மக்கள் உப்புக் காய்ச்சினர். தமிழ்க் கரையும் வங்கக் கரையும் ஒரே பருவத்தில் ஒரே பொருளுக்காகச் சிறை புகுந்தன. வேதாரண்யத்தில் உப்பெடுத்த அதே ராஜாஜி 1947 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக இந்நகரத்துக்கே வந்து சேர்ந்ததை நம் முதியோர் பெருமையுடன் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

டிரங்குப் பெட்டியும் ஜாடியும்

காளிகாட் என்றதும் உலகுக்கு நினைவு வருவது அன்னையின் திருக்கோயில். இப்போதுள்ள கோயில் 1809 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதன் அருகே மெலிந்து ஓடுவது ஆதி கங்கை. கோயிலுக்குக் கிழக்கேயும் தெற்கேயும் ஒரு காலத்தில் சேறும் குளமுமாய்க் கிடந்த நிலத்தை, 1912 ஆம் ஆண்டில் பணி தொடங்கிய கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் சீர்திருத்தியது. 1920களில் ஏரியை வெட்டியது. அவ்வேரியே இன்றைய ரவீந்திர சரோவர். புதிய சாலைகளில் புதிய வீடுகள் எழுந்தன. ரயில்வேயிலும் கணக்குத் தணிக்கை அலுவலகத்திலும் வணிக நிறுவனங்களிலும் குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தாளராகவும் சேர வந்த தென்னாட்டு இளைஞர், அவ்வீடுகளின் மாடிகளில் வாடகைக்குக் குடியேறினர். சந்தையில் வாழையிலையும் முருங்கைக்காயும் வரலாயின. காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் ராஷ்பிஹாரி அவென்யூவில் எழுந்தது.

வந்தவர் கையில் ஒரு டிரங்குப் பெட்டி. மற்றொரு கையில் ஒரு ஜாடி. ஆண் தனியாக வந்த காலத்தில் அந்த ஜாடியிலே இருந்தது தாய் போட்டுக் கொடுத்த ஊறுகாய். மெஸ்ஸில் எது வாய்க்காவிடினும் மோருஞ் சோற்றுக்கு அது போதும். ஆறு மாதத்தில் ஜாடி காலியாகும். ஊரிலிருந்து வருகிற யாரேனும் நிரப்பிக் கொணர்வர். பின்னர் அவர் திருமணமாகி மனைவியை அழைத்து வந்த பிறகுதான், ஊறுகாய் இந்நகரத்திலேயே பிறக்கலாயிற்று.

ஆனால் ஊறுகாய் தனி ஒருத்தி செய்யும் வேலையன்று. ஊரில் மாமியார், நாத்தனார், ஓரகத்தி, அண்டை வீட்டு அத்தை என்று பத்துக் கைகள் கூடும். இங்கோ இரண்டு அறையும் ஒரு நடையும் உள்ள குடித்தனத்தில் புதுமணப்பெண் ஒருத்தி. அவள் என் செய்வாள்? கீழ் மாடித் தஞ்சாவூர்க்காரியையும் எதிர்த் தெருப் பாலக்காட்டு மாமியையும் அழைத்தாள். பாலக்காட்டார் கடுமாங்காயைச் சிறப்பித்துப் பேசினர். திருநெல்வேலியார் நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்படைத்தனர். பக்கத்து வீட்டு ஆந்திரத்தார் ஆவக்காயில் கடுகுப்பொடியை அள்ளிக் கொட்டினர். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராத பெண்கள், காளிகாட்டு மொட்டை மாடியிலே ஓரகத்திகள் ஆயினர். நம் சமூகத்தின் முதற் சங்கம், பதிவு செய்யப்பெறாமலே, ஊறுகாய்ச் சுளகைச் சுற்றி அமர்ந்தது என்றாலும் மிகையாகாது.

கைகளின் வேலை

மாவடு போடும் முறையை இங்கே சற்று விரித்துச் சொல்வது இளைய தலைமுறைக்குப் பயன்படும். மாசி, பங்குனியில் தெற்கிலிருந்து ரயிலேறி வடு லேக் மார்க்கெட்டுக்கு வரும். காம்புடன் கூடிய, அடிபடாத, ஒத்த அளவுள்ள வடுக்களைப் பொறுக்குவதே முதல் வேலை. அது நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து செய்ய வேண்டியது. ஒரு சொத்தை வடு ஒரு ஜாடியைக் கெடுக்கும். பின்பு கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்துவர். விளக்கெண்ணெய் சிறிது தடவிப் புரட்டி, ஜாடியில் ஓர் அடுக்கு வடு, ஒரு பிடி கல்லுப்பு என்று மாற்றி மாற்றி இடுவர். கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் வரை உப்பு என்பது பொதுவான கணக்கு. மறுநாள் முதல் ஜாடியை நாள்தோறும் குலுக்குதல் வேண்டும். நான்கைந்து நாளில் வடு சுருங்கும். தன்னுள் இருந்த நீரைத் தானே விடும். அந்நீரை எடுத்து, அதிலே கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்து மீண்டும் சேர்ப்பர். வெளியிலிருந்து ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை. பிறகு வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிட்டால், எஞ்சிய வேலையைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

காலம் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு அறிவியல் வேறு பெயர் தந்தது. 1857 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், பால் புளிப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் செயல் என்று எடுத்துக் காட்டினார். காய்கறி புளிப்பதும் அவ்வினத்து நுண்ணுயிர்களின் வேலையே. அவை எங்கிருந்தோ வருவன அல்ல. காயின் தோலிலேயே குடியிருப்பன. உப்பு, அழுகச் செய்யும் உயிர்களை ஒடுக்கி இவற்றுக்கு இடம் விடுகிறது. இவை காயிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பே பின்னர் காவலாகிறது. உப்பு குறைந்தால் காய் அழுகும். மிகுந்தால் புளிப்பு மந்தப்படும். ஐரோப்பியர் முட்டைக்கோசைப் புளிக்கவைக்க எடைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே உப்பிடுவர். வெப்ப நாட்டினராகிய நாம் ஆண்டு முழுதும் வைத்திருக்க வேண்டி மிகுதியாக இடுகிறோம். வேறுபாடு அவ்வளவே.

மார்கழியில் மாகாளிக் கிழங்கு வரும். மூட்டைப்பூச்சி நாற்றம் என்று சிறுவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அக்கிழங்கை, நரம்பு நீக்கி நறுக்கி, உப்பும் மோரும் சேர்த்து ஊறவைப்போம். மாகாளியின் ஊரில் மாகாளியை ஊறப் போடுகிறீர்களே என்று வங்காளி நண்பர் ஒருவர் நகைத்தது நினைவிருக்கிறது.

இரு நாட்டு ஆசாரம்

இனி ஆசாரத்துக்கு வருவோம். ஊறுகாய்க்கு மடி உண்டு என்பதை நம் இல்லத்து மூத்தோர் அறிவர். குளித்து, உலர்ந்த மடித் துணி உடுத்தியவரே ஜாடியைத் தொடலாம். வீட்டுக்கு விலக்கானவர் அதன் நிழலும் படாமல் ஒதுங்க வேண்டும். வேலைக்காரி அவ்வறைக்குள் வருதல் ஆகாது. தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்பது உறுதியான நம்பிக்கை.

வங்காளியரிடமும் இதற்கு இணையான ஒன்று உண்டு. அவர்களுடைய காசுந்தி கடுகைப் புளிக்கவைத்துச் செய்வது. மாங்காய் சேர்த்தும் செய்வர். பழைய நாளில், சிறப்பாகக் கிழக்கு வங்கத்தில், அட்சய திருதியையன்று பெண்கள் நீராடி, ஈரப்புடவையுடன் கூட்டமாக நின்று, பாடிக்கொண்டே கடுகைக் கழுவித் தொடங்குவது வழக்கம். எல்லா வீட்டாரும் காசுந்தி செய்யும் உரிமை பெற்றிருக்கவில்லை; பல ஊர்களில் அது அந்தண இல்லத்துக்கே உரியதாக இருந்தது. தீட்டுடையவர் விலக்கப்பட்டனர். ஆயிரம் கல் இடைவெளியில் இருந்த இரு நாட்டார், ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே வேலியை எழுப்பியிருந்தனர்.

இவ்வேலியில் பாதி அறிவுடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கையை நன்கு கழுவு. ஈரக் கரண்டி இடாதே. வெளி நீர் சேராதே என்பன நல்ல விதிகள். அவை இன்றைக்கும் வேண்டும். ஆனால் மற்றப் பாதி பிறப்பையும் உடலையும் பற்றியது. கையின் ஈரத்தைக் காயும் உப்பும் அறியும். கையின் குலத்தை அவை அறியமாட்டா. தூய்மை வேறு, தீட்டு வேறு. இவ்விரண்டையும் ஒரே ஜாடியில் ஊறவைத்ததுதான் நாம் செய்த பிழை. பெண்ணுரிமையைப் பாடிய பாரதியார், நிவேதிதா அம்மையாரைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்ட கேள்வியால் விழிப்புற்றார் என்பர். நம் அடுக்களைக்கு அத்தகைய கேள்வி ஒரு புயல் வடிவில் வந்தது.

கால்பைசாக்கி வந்த நாள்

1980களின் இறுதி. அப்போது நாம் ஐந்தாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தோம். காளிகாட்டில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் மனைவியை நாம் ஜேட்டிமா, அதாவது பெரியம்மா, என்று அழைப்போம். ஆதி கங்கைக்கு அப்பால் சேத்லாவிலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் அம்மையாரை மாஷி என்போம். மாஷி மொட்டை மாடியைப் பெருக்கலாம். ஆனால் ஊறுகாய் காயும் நாளில் மேலே ஏறலாகாது என்பது பாட்டியின் கட்டளை.

சித்திரை மாதத்து ஒரு பிற்பகல். தட்டுகளில் உப்பிட்ட எலுமிச்சையும் மோர்மிளகாயும் காய்ந்துகொண்டிருந்தன. மாடிப்படியின் தலைப்பில் அவ்வாண்டு போட்ட இரண்டு மாவடு ஜாடிகள். பாட்டியும் அன்னையும் ஓர் உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தனர். நாம் பள்ளியிலிருந்து வந்து கதவடியில் அமர்ந்திருந்தோம். வடமேற்கே வானம் கறுத்தது. கால்பைசாக்கி எனப்படும் கோடைப் புயலை அறியாதவர் இந்நகரில் இல்லை. அது வருவதற்குக் கால் நாழிகையும் கெடு கொடாது. காற்று எழுந்து தட்டுகளைப் புரட்டியது. ஜாடியின் வேடு பிய்ந்து பறந்தது. மழை படிக்கட்டுக்குள் சாய்ந்து அடித்தது.

ஜேட்டிமா சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு ஓடி வந்தார். கீழே வேலையில் இருந்த மாஷியையும் கூவி அழைத்தார். மாஷி ஒரு கணம் படியில் நின்று நம்மைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் அன்று விளங்கவில்லை, இன்று விளங்குகிறது. பிறகு ஏறி வந்து, ஒரு ஜாடியை அவரும் மற்றொன்றை ஜேட்டிமாவும் அணைத்துத் தூக்கிக் கூடத்தில் வைத்தனர். திறந்து கிடந்த ஜாடியின் வாயை மாஷி தம் தோளில் கிடந்த காம்சாவின் உலர்ந்த பகுதியால் இறுக்கி வேடு கட்டினார். எலுமிச்சையையும் மிளகாயையும் இருவரும் நனைந்துகொண்டே அள்ளி வந்தனர்.

பாட்டி வந்து பார்த்தார். சிவப்புக் கட்டம் போட்ட காம்சா ஜாடியின் மேல் இருந்தது. யார் கட்டியது என்று கேட்டார், சொன்னோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்னை மெல்ல, "கொட்டிவிடலாமா அம்மா?" என்றார். பாட்டி, "மழையிலே போயிருக்க வேண்டியது, அவள் கை பட்டதனால்தானே நிற்கிறது" என்றார். அவ்வளவே. மறுநாள் காம்சாவை அவிழ்த்துத் தாமே துவைத்து உலர்த்தி மடித்தார். சில நாள் கழித்து வடு ஊறியதும், ஒரு கிண்ணம் நிறைய எடுத்து அந்தக் காம்சாவோடு மாஷியிடம் கொடுத்தார். அன்று இரவு சோற்றில் முதல் வடுவைத் தம் தட்டிலேயே இட்டுக் கடித்தார். அவ்வாண்டு வடு கெடவில்லை. அடுத்த மாசியில் வடுப் பொறுக்கும் வட்டத்தில் மாஷியும் உட்கார்ந்தார். காளிகாட்டு வீட்டிலே ஒரு வேலி இவ்வாறு ஓசையின்றி விழுந்தது. மாஷிக்கு நாம் செய்தது நன்மை என்று சொல்லிக்கொள்ள உரிமை இல்லை. அவரே நம் ஜாடியையும் நம்மையும் காத்தார்.

பிற நாட்டுச் சுளகுகள்

கூடி ஊறவைக்கும் வழக்கத்தின் மதிப்பை உலகம் இப்போது உணர்ந்துவருகிறது. கொரிய நாட்டில் குளிர்காலத்துக்கு முன் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் கூடி, முட்டைக்கோசு வகையொன்றை உப்பிட்டு, மிளகாயும் பூண்டும் இஞ்சியும் சேர்த்துக் கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்வர். அக்கூட்டு வேலைக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013 ஆம் ஆண்டில் தென் கொரியாவின் கிம்ஜாங்கையும், 2015 ஆம் ஆண்டில் வட கொரியாவின் கிம்ச்சி மரபையும் யுனெஸ்கோ மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. போரால் பிரிந்த இரு நாடுகள் ஊறுகாயில் ஒன்றாய் நிற்கின்றன. நம் மேற்கு வங்கத்திலேயே டார்ஜிலிங் மலையில் நேபாளி மக்கள் கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரை இவற்றை வாடவிட்டு நசுக்கிப் பானையில் அடைத்துப் புளிக்கவைத்து உலர்த்திக் குந்த்ருக் என்ற பெயரில் உண்கின்றனர். அதற்கு உப்பும் தேவையில்லை. நம் பழையதுக்கு ஒப்பான பாந்தா பாத் வங்கத்து உழவனின் காலை உணவு. ஆகவே புளிப்பு எந்த ஒரு குலத்துக்கும் நாட்டுக்கும் தனிச் சொத்தன்று.

பெண்கள் மொட்டை மாடியிற் கூடுவதன் ஆற்றலுக்கு வேறொரு சான்றும் உண்டு. 1959 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் மொட்டை மாடியில் கூடி, 80 ரூபாய் கடனுடன் அப்பளம் இட்டனர். அதுவே லிஜ்ஜத் என்னும் பெருங் கூட்டுறவாக வளர்ந்தது. அவர்கள் விற்றது அப்பளம். ஆனால் அவர்கள் கண்டது தோழமை.

இன்றைய நிலை

இன்று காளிகாட்டில் அந்தப் பழைய வீடுகள் பல இடிந்து அடுக்குமாடிகள் ஆயின. 1986 ஆம் ஆண்டிலிருந்து மண்ணுக்கடியில் மெட்ரோ ஓடுகிறது. பழைய லேக் மார்க்கெட் இருந்த இடத்தில் வணிக வளாகம் எழுந்துவிட்டது. ஆயினும் அதனைச் சுற்றிலும் வாழையிலையும் காப்பிப்பொடியும் அப்பளமும் இன்றும் கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்தும் வேலை பார்க்கின்றனர். கடையில் கண்ணாடிப் புட்டியில் எல்லா ஊறுகாயும் கிடைக்கிறது. அதனை இழிவாகச் சொல்வதற்கில்லை. இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் அது பெருந்துணை. ஆனால் புட்டியிலே சுவை வரும், கூட்டம் வராது. வடுவைப் பொறுக்கும்போது பேசிய பேச்சும், ஜாடியைக் குலுக்கச் சொல்லி அண்டை வீட்டில் சாவியைக் கொடுத்துச் சென்ற நம்பிக்கையும் விலைக்குக் கிடைக்கமாட்டா.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மரபைக் காப்போம் என்று மேடைகளில் முழங்குகிறோம். எந்த மரபை? ஜாடியையா, வேலியையா? இரண்டும் ஒன்றெனக் கொண்டு இரண்டையும் விட்டுவிட்டோர் பலர். இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்போர் சிலர். வேலியை விட்டு ஜாடியைக் காக்கலாம் என்பதைப் படிப்பறிவு குறைந்த ஒரு மூதாட்டியும், சேத்லாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியும் ஒரு புயல் நாளிலே நமக்குக் காட்டினர்.

ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பாரதி விழாவும் நடத்துகிறோம். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துக் கூடத்தில் இரண்டு மூட்டை வடுவைக் கொட்டிச் சுற்றி உட்காருவோம். பெண்கள் மட்டுமன்றி ஆண்களும், பிள்ளைகளும், அண்டை வீட்டு வங்காளி நண்பர்களும், நம் இல்லங்களில் உழைப்பவர்களும் உட்காரட்டும். கையை நன்கு கழுவிக்கொண்டு வரவேண்டும் என்ற ஒரே ஆசாரம் போதும். வீடு திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு ஜாடி இருக்கட்டும். மறுநாள் முதல் அதனைக் குலுக்க வேண்டியது அவரவர் பொறுப்பு.

பாட்டியின் இரண்டு ஜாடிகளில் ஒன்று இன்றும் நம் இல்லத்தில் இருக்கிறது. விளிம்பில் சிறிது உடைந்தது, எனினும் ஒழுகுவதில்லை. வரும் மாசிக்கு அதனைக் கழுவி வெயிலில் வைத்திருப்போம்.